மிஸ்டர் கறுவல்

டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் இரண்டு சலூன், புரொண்பியில் ஒன்று. மூன்றுக்கும் முன்கண்ணாடி நான் நின்று பார்த்துப் போடுவித்தது. கிரின்ஸ்டெட்டில் சொந்த வீடு. மகள் பல் வைத்தியர், மகன் கப்பல் கம்பனியில் பொறியியலாளர். என்னிடம் தொழில் பழகி இன்று தங்கள் பெயரில் கடை போட்டிருப்பவர்களில் சோமாலியர் இருக்கிறார், ஈராக்கியர் இருக்கிறார், டெனிஷ்காரப் பெண்கள்கூட இருக்கிறார்கள். இவ்வளவையும் கட்டினவன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். டெனிஷ் மொழியில் இன்றைக்கும் ஒரு கடிதம் பிழையில்லாமல் எழுத எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு காலத்தில் இந்த நாட்டு இளம்பிள்ளைகளின் தலையில் ஒரு கோடு ஓடியதே, நெற்றியில் தொடங்கிக் காதுக்குப் பின்னால் வளைந்து போன கோடு, அதை முதன்முதலில் போட்டது இந்தக் கை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால் இரண்டு காரணம் உண்டு. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுமலரில் ஓய்வுபெற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வேலை அனுபவத்தை எழுதி வருகிறார்கள். பஸ் ஓடியவர் எழுதிவிட்டார், முதியோர் இல்லத்தில் வேலை செய்தவ எழுதிவிட்டா. என் முறை வந்தபோது சங்கத் தலைவர் குணம் மாஸ்டர் தொலைபேசியில் கொஞ்சம் இழுத்தார்.

"அண்ணை, வியாபாரத்திலை எப்பிடி முன்னுக்கு வந்தனீங்கள் எண்டதை எழுதுங்கோ. மற்றதைத் தொடத் தேவையில்லை."

"மற்றது எண்டா என்ன?"

"உங்களுக்கு விளங்கும்தானே அண்ணை."

எனக்கு நன்றாகவே விளங்கியது. என் படத்துக்குக் கீழே போடுவதற்கு அவர் எழுதி வைத்திருந்ததையும் வாசித்துக் காட்டினார்: தொழிலதிபர் திரு. செல்வரத்தினம். எந்தத் தொழிலுக்கு அதிபர் என்பது அதில் இல்லை.

அதே கிழமையில்தான் மகள் ஓகூஸிலிருந்து தொலைபேசி எடுத்தாள். அவள் என்னோடு டெனிஷில்தான் கதைப்பாள். அப்பா என்ற ஒரு சொல் மட்டும் தமிழ், மற்றதை நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாட்டும் உடுப்பும் தலையலங்காரமும் டென்மார்க்குக்கு எப்படி வந்தன என்று நகரத்தில் ஒரு கண்காட்சி வைத்திருக்கிறார்களாம். "அப்பா, உங்கட கையை இஞ்ச சுவரில பெரிசா மாட்டியிருக்கினம். ஆனா கீழ வேற ஆரையோ எழுதியிருக்கினம்" என்றாள். கீழே எழுதியிருந்ததை வாசித்தும் காட்டினாள்: இந்தக் கோட்டை டென்மார்க்குக்குக் கொண்டுவந்தவர் கறுவல் என்ற ஆபிரிக்க அமெரிக்க முடிதிருத்துநர்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு இருக்க முடியவில்லை. ஆக, டெனிஷ்காரர் என் தொழிலைப் போட்டுவிட்டு ஆளை மாற்றிவிட்டார்கள். எங்கள் ஆட்கள் ஆளைப் போட்டுவிட்டுத் தொழிலை மறைக்கப் பார்க்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை.

என் தகப்பனார் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் முடி வெட்டியவர். அது எங்கள் சாதித் தொழில். பெரிய வீடுகளுக்கு அவர் பின்பக்கத்தால்தான் போக வேண்டும்; அந்த வீட்டுச் சின்னப் பிள்ளையும் அவரை வாடா போடா என்றுதான் கூப்பிடும். அவரிடம் நான் கற்றது ஒரு பிடி. சீப்பைப் பெருவிரலுக்கும் சின்னிவிரலுக்கும் இடையில் கிடத்திக்கொண்டு, நடுவில் இருக்கும் மூன்று விரலையும் தலையில் ஊன்றி அளப்பது. அதற்கு மேல் ஊரைப் பற்றி எழுத எனக்கு ஆசை இல்லை.

அகதியாக வந்து கிரின்ஸ்டெட்டில் தொழிற்சாலை வேலை. சனி ஞாயிறுகளில் நாங்கள் இருந்த வீட்டு அடுப்படியில் பொடியன்களுக்கு முடி வெட்டினேன். அங்கே வெட்டின தலைகளில் பல இன்று சங்கக் கூட்டத்தில் முன்வரிசையில் இருக்கின்றன. முறைப்படி தொழில் படிக்கலாம் என்று போனால், முதலில் டெனிஷ் பரீட்சை எழுதிவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள். அப்படி ஒரு நாள் திரும்பி வரும்போதுதான் ஓகூஸ் துறைமுகத்துக்குக் கிட்ட லெஸ்டரின் சலூனைக் கண்டேன்.

லெஸ்டர் சிக்காகோவில் பிறந்த கறுப்பு அமெரிக்கர். ஒரு இசைக் குழுவோடு மேளம் அடிக்க வந்தவர், டெனிஷ்காரியைக் கட்டிக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டார். தகப்பனிடம் பழகிய முடிவெட்டுத் தொழில் அவருக்குச் சோறு போட்டது. ஆபிரிக்க மாணவர்கள் வந்தார்கள், இசைக்காரர் வந்தார்கள், தொலைக்காட்சியில் அமெரிக்கப் பாடகர்களைப் பார்த்துவிட்டு அதே மாதிரித் தலை வேண்டும் என்று டெனிஷ் பொடியன்களும் வந்தார்கள். அவர் கதைத்தது ஆங்கிலமும் டெனிஷும் கலந்த ஒரு பாஷை. என் காதில் அது எங்கடை தமிழாகத்தான் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன்.

வேலை கேட்டேன். அவர் போய்த் தன் நாற்காலியில் தானே இருந்து, துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, "வெட்டு" என்றார். வெட்டினேன். கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"பின்பக்கம் ஆரிட்டைப் பழகினனி?"

"தகப்பனிட்டை."

"அவர் கெட்டிக்காரன். முன்பக்கம் நீ ஒருத்தரிட்டையும் பழகேல்லை. நாளைக்கு வா."

லெஸ்டர் வேலை செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். ஆள் உள்ளே வந்தால் முதலில் கை கொடுப்பார். பிறகு அந்த ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலியை ஈரத்துணியால் துடைப்பார். ஏற்கெனவே துடைத்திருந்தாலும் துடைப்பார். உனக்காகத் துடைக்கிறேன் என்பதை அந்த ஆள் காண வேண்டும். முடி வெட்டும் மிசினை உடனே எடுக்க மாட்டார். உள்ளங்கையைத் தலையில் வைத்து, கண்ணை மூடி, மேடு பள்ளம் பார்ப்பார். சுழி எந்தப் பக்கம், முடி எந்தத் திசையில் படுக்கிறது, எல்லாம் கையால்தான். அதற்குப் பிறகுதான் மிசின். அந்த நாளில் எல்லாரும் கேட்ட வெட்டுக்கு ஃபேட் என்று பெயர். பின்கழுத்தில் தோல் தெரியத் தொடங்கி, மேலே போகப் போக இருட்டிக்கொண்டு போகும். எந்த இடத்தில் வெளிச்சம் முடிந்து இருட்டுத் தொடங்குகிறது என்று கண்ணால் சொல்ல முடியாமல் இருக்க வேண்டும். வரம்பு தெரிந்தால் அது வெட்டு இல்லை, தலைக்குப் போட்ட தொப்பி என்பார். மணிக்கட்டை வெளியே சுழற்றி, மிசினைத் தோலிலிருந்து விமானம் கிளம்புகிற மாதிரித் தூக்க வேண்டும். சுருண்ட தாடிக்கு ஒரே ஒரு முறைதான் சவரக்கத்தி, அதுவும் முடி படுக்கிற பக்கத்துக்கு. எதிர்ப்பக்கம் இழுத்தால் முடி தோலுக்குள் வளர்ந்து கொப்பளிக்கும். இதையெல்லாம் நான் பிடித்த வேகத்தைக் கண்டு அவரே அதிசயப்பட்டார். சும்மா சொல்லவில்லை.

இன்னொன்று. கடைக்குள் வருகிற ஆம்பிளை ஆராக இருந்தாலும் மிஸ்டர். கூட்டித் துடைக்கிறவரும் மிஸ்டர், கல்லூரிப் பொடியனும் மிஸ்டர். ஏன் என்று கேட்டேன். அவருடைய தகப்பனை வெளியில் ஒரு வெள்ளைக்காரனும் மிஸ்டர் என்று கூப்பிட்டதில்லையாம். நரைத்த மனிதரைப் பொடியா என்று கூப்பிடுவார்களாம். அதனால் தகப்பன் தன் கடையில் சட்டம் போட்டாராம், இந்தக் கதவுக்கு உள்ளே எல்லாரும் மிஸ்டர். அங்கே முடி வெட்டுகிறவர் பெரிய மனிதர். தேர்தல், பந்து விளையாட்டு, எந்தப் பாட்டு நல்ல பாட்டு, எல்லா வழக்கும் அவருடைய நாற்காலியில்தான் தீரும். இதைக் கேட்ட அன்றைக்கு என் கையில் இருந்தவற்றைத் திரும்பவும் பார்த்தேன். இதே கத்திரிக்கோல், இதே சீப்பு. அங்கே ராசா, எங்கள் ஊரில் பின்வாசல்.

இனி என் பெயருக்கு வருகிறேன். செல்வரத்தினம் என்பது லெஸ்டரின் வாயில் நுழையவில்லை. கிரின்ஸ்டெட் கூட்டாளிகள் கடைக்குத் தொலைபேசி எடுத்து, கறுவல் நிற்கிறானா என்று கேட்பார்கள். சின்ன வயதிலிருந்து எனக்கு அதுதான் பெயர், அம்மா வைத்தது. நான் அவ்வளவு கறுப்பு. லெஸ்டர் அதுதான் என் உண்மைப் பெயர் என்று நினைத்து, எனக்குச் சொல்லாமல் பெயர்ப்பலகை எழுதுகிற எழுத்துக்காரனைக் கூப்பிட்டு, என் நாற்காலிக்கு நேரே இருந்த கண்ணாடியில் பொன் எழுத்தில் எழுதுவித்துவிட்டார். காலையில் வந்து பார்த்தால் ஆங்கில எழுத்தில் என் முகத்துக்கு மேலே கறுவல் என்று மின்னுகிறது.

இந்த நேரத்தில்தான் குணம் மாஸ்டர் வருகிறார். அப்போது அவர் மாஸ்டர் இல்லை, தமிழ்ப் பாடசாலையும் இல்லை. மாப்பிள்ளைத் தோற்றத்தில் ஒரு இளைஞர். கல்யாணம் பேசிப் பெண் வீட்டார் பார்க்க வருவதால் நல்ல வெட்டு வேண்டும். முதலில் தொலைபேசியில் கேட்டார், "அண்ணை, கடைக்குப் பின்கதவு இருக்கோ? முன்னாலை பஸ் தரிப்பிலை எங்கட ஆக்கள் நிக்குங்கள்." நான் லெஸ்டரிடம் மொழிபெயர்த்தேன். அவருடைய முகம் மாறியது.

"பின்கதவு இருக்கு. அது குப்பை போறதுக்கு. என்ரை தகப்பன் ஊர் முழுக்கப் பின்கதவாலை போன ஆள். என்ரை கடைக்கு ஒருத்தரும் அப்பிடி வரேலாது எண்டு சொல்லு."

நான் அதை அப்படியே குணத்துக்குச் சொன்னேன். அவர் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துக்கொண்டு முன்பக்கத்தால் வந்தார். வந்து இருந்தவர் கண்ணாடியைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் துணிக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். லெஸ்டர் என்ன பகிடி என்று கேட்டார். குணம் ஆங்கிலம் படித்தவர், விளக்கம் சொன்னார். கறுவல் என்றால் கறுப்பன் என்று அர்த்தம், இவரை அப்படித்தான் பட்டம் தெளித்துக் கூப்பிடுவது, உங்களைப் போன்ற ஆட்களையும் எங்கள் சனம் அப்படித்தான் சொல்லும்.

லெஸ்டர் தன் கையிலிருந்த துவாயை மடித்து வைத்தார். என்னைத்தான் கேட்டார்.

"அது அம்மா கூப்பிட்ட பேரோ, மற்றவன் கூப்பிட்ட பேரோ?"

"ரெண்டு பேரும் கூப்பிட்டது."

"அழிக்கட்டோ?"

நான் கண்ணாடியைப் பார்த்தேன். அம்மா சோறு போட்டுவிட்டுக் கூப்பிடுகிற குரல் ஒரு காதில், வேலிக்கு அங்கால் நின்று கூப்பிட்ட குரல்கள் மற்றக் காதில். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

"அப்ப சரி. நான் எழுதினது அம்மா கூப்பிட்டதை. மற்றவன் எப்பிடி வாசிக்கிறான் எண்டது அவன்ரை பாடு."

அடுத்த நாள் எழுத்துக்காரன் திரும்ப வந்தான். கறுவலுக்கு முன்னால் மிஸ்டர் ஏறியது. அன்றிலிருந்து அந்தக் கடையில் நான் மிஸ்டர் கறுவல். குணத்துக்கு நான் அன்றைக்கு வெட்டின வெட்டில் பெண் வீட்டார் மறுபேச்சில்லாமல் சம்மதித்ததையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அதுவும் என் கைதான்.

இனி அந்தத் தலை. என் வாழ்க்கையின் தலை அதுதான்.

அமெரிக்காவிலிருந்து ஒரு கறுப்புப் பாடகி ஓகூஸுக்குப் பாட வந்திருந்தார். பெயரை எழுத மாட்டேன், அவருடைய ஆட்களிடம் அனுமதி கேட்டு இன்னும் பதில் இல்லை. தலையை ஒட்ட வெட்டின முடியோடுதான் அவர் மேடை ஏறுவார். அதற்கு ஒரு கதை இருந்தது. தொடக்கத்தில் பாட்டுக் கம்பனிக்காரர் அவரிடம் நீளமான, நேரான பொய்முடியைக் கொடுத்து, இதைப் போட்டால்தான் வெள்ளைக்காரரும் உன் இசைத்தட்டை வாங்குவார்கள் என்றார்களாம். அவர் அன்றைக்கே முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு போய் நின்றாராம். அந்தத் தலை அவர் அவர்களுக்குச் சொன்ன பதில்.

அப்படிப்பட்ட தலையில், இங்கே வேறொரு சலூனில் ஓரம் திருத்தப் போய், சுருள் முடியை ஒரு நாளும் தொட்டுப் பார்க்காத ஒரு கை மிசினை அழுத்திவிட்டது. இடது பக்கம் காதுக்கு மேலே ஒரு வெட்டு, படி மாதிரி. நெற்றி ஓரமும் இடது பக்கம் உள்ளே போய்விட்டது. அன்று பின்னேரம் நிகழ்ச்சி. கழுத்துத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு லெஸ்டரிடம் ஓடி வந்தார். பின்னால் ஒரு பத்திரிகைப் படப்பிடிப்பாளர்.

லெஸ்டர் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் வழித்துவிடலாம், அதுதான் வழி என்றார். பாடகி கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு சொன்னார், "மொட்டையா நிண்டா வருத்தக்காரி எண்டு நினைப்பினம். துணியாலை மூடிக்கொண்டு பாடினா அந்தக் கம்பனிக்காரர் வெண்ட மாதிரி. நான் இண்டைக்குப் பாடேல்லை."

நான் என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபடி அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் அந்த வெட்டை மூடுவது எப்படி என்று பார்க்கிறார்கள். எனக்கு அது ஒரு கோட்டின் கடைசித் துண்டாகத் தெரிந்தது. எங்கள் பெண்கள் தலை வாரும்போது நடுநெற்றியில் தொடங்குவார்களே, வகிடு. அந்த வகிட்டை நேரே உச்சிக்கு விடாமல், இடப்பக்கம் வளைத்து, கெட்டுப்போன நெற்றி ஓரத்தை வழியில் விழுங்கி, அந்தப் படிக்குள் கொண்டுபோய்க் காதுக்குப் பின்னால் முடித்தால்? தலையில் கோடு போடுவது அமெரிக்கரிடம் முன்பே இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. அது பக்கத்தில் போடுகிற நேர்க்கோடு. வகிட்டை வளைத்தவன் நான்.

லெஸ்டரிடம் விரலால் காற்றில் கீறிக் காட்டினேன். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியை விட்டு விலகினார். பாடகி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவர் எங்கட ஆளோ?"

"தலை உங்கட," என்றார் லெஸ்டர். "கை இவரின்ரை. மிஸ்டர் கறுவலை நம்பலாம்."

பாடகியை என் நாற்காலிக்குக் கூப்பிட்டு, அதைத் துடைத்தேன். அவர் பார்க்கத் துடைத்தேன். வெள்ளைப் பென்சிலால் நெற்றி நடுவில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து கோட்டை மெல்ல வரைந்தேன். பிறகு சவரக்கத்தி. ஒரே இழுப்பு; நடுவில் நிறுத்தினால் நடுங்கினது தெரியும். நான் நிறுத்தவில்லை. கடினமான வேலை அதற்குப் பிறகுதான். கோட்டின் இரண்டு கரையிலும் முடி ஒரே உயரத்தில் நிற்க வேண்டும், ஆனால் இடது பக்கம் ஏற்கெனவே குட்டை. மிசின் போட்டால் இன்னும் தோண்டும். அங்கேதான் தகப்பனாரின் பிடி. சீப்பைப் பெருவிரலுக்கும் சின்னிவிரலுக்கும் நடுவில் கிடத்தி, மூன்று விரலை ஊன்றி, கத்திரிக்கோலால் நுனி நுனியாக. படம் பிடித்தது அந்த நேரத்தில்தான் என்று எனக்குத் தெரியாது. துணியை எடுத்ததும் அவர் தலையை இடமும் வலமும் திருப்பினார். கோட்டை விரலால் தொட்டுக்கொண்டு போனார்.

"இது என்ன?"

"வகிடு," என்றேன். வேறு சொல் வரவில்லை.

அவர் அதை அப்படியே சொல்லிப் பார்த்தார். வகிடு. பிறகு எழும்பி எனக்குக் கை தந்தார். "தாங்யூ, மிஸ்டர் கறுவல்." அன்றைக்கு மூடாத தலையோடு பாடினார். லெஸ்டரும் நானும் முன்வரிசையில். வெளிச்சம் விழுந்ததும் அந்தக் கோடு ஆறு மாதிரி மின்னியது. என் வாழ்க்கையில் நான் எழும்பி நின்று கத்தினது அந்த ஒரு நாள்தான்.

படம் பத்திரிகையில் வந்தது, பிறகு அவருடைய இசைத்தட்டின் அட்டையிலும் வந்தது. அவர் சிரிக்கிறார், கண்ணாடியில் பொன் எழுத்து, பக்கத்தில் ஒரு கறுப்புக் கை சீப்போடு. முகம் இல்லை. அதற்குப் பிறகு கதவு மூடவில்லை. படத்தை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு கிராமங்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். அமெரிக்கக் கோடு வேண்டும் என்பார்கள். மஞ்சள் முடிக்காரருக்கும் போட்டேன், சோமாலியப் பிள்ளைகளுக்கும் போட்டேன், வெள்ளிக்கிழமை முடி வெட்டக் கூடாது என்று தாய் மறித்தும் ஒளித்து வந்த எங்கள் பிள்ளைகளுக்கும் போட்டேன். அந்தக் கோட்டை வைத்துத்தான் என் முதல் கடை. லெஸ்டர்தான் திறந்து வைத்தார், முன்கதவால்.

லெஸ்டர் இப்போது இல்லை. சாட்சி சொல்ல ஆள் இல்லை என்பதால் நானே கண்காட்சிக்குப் போனேன். பொறுப்பாக இருந்தது மெற்ற என்ற டெனிஷ்காரப் பிள்ளை. நல்ல பிள்ளை, கோப்பி எல்லாம் தந்தாள். கறுவல் என்பது அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள ஒரு குடும்பப் பெயராக இருக்கும் என்று நினைத்தார்களாம். கறுப்புக் கை, அமெரிக்கக் கடை, அமெரிக்கத் தலை. வேறு ஆரை நினைப்பது என்று கேட்டாள். அதுவும் நியாயம்தான். நான் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்தேன். பெருவிரல், சின்னிவிரல், நடுவில் மூன்று விரல். கையை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் சுவரில் வைத்தேன். அவள் படத்தைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், திரும்பப் படத்தைப் பார்த்தாள். அங்கே நின்ற சனமும் கூடிவிட்டது. எழுத்தை மாற்றுவதென்றால் மேலிடத்தில் கேட்க வேண்டும், விசாரித்துச் சொல்கிறோம் என்றாள். என் பெயரை எப்படி எழுத வேண்டும் என்றும் கேட்டாள். செல்வரத்தினமா, கறுவலா?

அதற்குப் பதிலை அவளுக்கும் சங்கத்துக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். சுவரில் இப்படிப் போடுங்கள்: கடை லெஸ்டருடையது. கோடு, மிஸ்டர் கறுவல் என்று பெயர் பெற்ற யாழ்ப்பாணத்துச் செல்வரத்தினம் போட்டது. அதன் பெயர் வகிடு. இதில் ஒரு சொல்லும் குறையக் கூடாது.

குணம் மாஸ்டர், மலரில் என் படத்துக்குக் கீழே தொழிலதிபரை வெட்டிவிட்டு முடி வெட்டுபவர் என்று போடுங்கள். திரு என்பது இருக்கட்டும், அது லெஸ்டர் தந்தது. வேறு மாதிரி அச்சில் வந்தால் உங்கள் வீட்டுக்கு நேரே வந்து கேட்பேன். முன்கதவால்தான் வருவேன்.